சிறு விமானம் விழுந்தால் இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலேசியாவில் நம்மவர்களில் வசதி படைத்த சிலர் நால்வர் ஐவராகச் சேர்ந்து சிறு விமானம் வாங்கி, வார இறுதிகளில் லங்காவிக்கும் ஈப்போவுக்கும் பறந்து வருவதைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடுதான் படித்தேன். தோட்டத்து லயங்களில் வளர்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று விமானி உரிமம் வைத்திருக்கிறார்கள் என்பது நமக்கெல்லாம் பெருமை. ஆனால், விமானத்தின் விலையையும் வேகத்தையும் விரிவாகச் சொன்ன அக்கட்டுரை, அந்த விமானம் விழுந்தால் உள்ளே இருப்பவர் குடும்பத்துக்கும் கீழே இருப்பவர் குடும்பத்துக்கும் யார், எந்தப் பணத்திலிருந்து, எவ்வளவு தருவார் என்பதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை. காப்புறுதி நிறுவனமொன்றின் இழப்பீட்டுப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்று இப்போது பினாங்கில் வசிப்பவன் என்ற முறையில், அந்தக் குறையைப் பற்றி எழுதுவது என் கடமை என்று கருதுகிறேன்.

இது கற்பனையான அச்சம் அன்று. 2023 ஆகஸ்டு 17ஆம் நாள் லங்காவியிலிருந்து சுபாங் விமான நிலையம் நோக்கி வந்துகொண்டிருந்த பீச்கிராஃப்ட் பிரீமியர் ரகச் சிறிய ஜெட் விமானம், தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்த நிலையில், ஷா ஆலாம் எல்மினா பகுதியில் குத்ரி நெடுஞ்சாலையை ஒட்டி விழுந்து எரிந்தது. விமானத்தில் இருந்த எண்மர் மாண்டனர். அவர்களில் பகாங் மாநில ஆட்சிக்குழு உறுப்பினர் ஒருவரும் இருந்தார். அவர்களோடு, அந்த நேரத்தில் அந்தச் சாலையில் போய்க்கொண்டிருந்தார்கள் என்பதைத் தவிர அந்த விமானத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத காரோட்டி ஒருவரும் மோட்டார் சைக்கிளோட்டி ஒருவரும் உயிரிழந்தனர். தரையிறங்கிய பின்னரே விரிய வேண்டிய இறக்கைத் தடுப்புத் தகடுகள் வானிலேயே தவறுதலாக விரிக்கப்பட்டதால் விமானம் தூக்குவிசையை இழந்தது என்று விசாரணையில் தெரியவந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள், சுபாங்கிலிருந்து புறப்பட்ட இருவர் அமரும் சிறு விமானம் காப்பார் கம்போங் தோக் மூடாவில் செம்பனைத் தோட்டத்தில் விழுந்து புதைந்தது. அதில் இருந்த இருவரும் மாண்டனர். அது நெடுஞ்சாலையில் விழாமல் தோட்டத்தில் விழுந்தது என்பது மட்டுமே அங்கே கீழே இருந்தவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு.

செலவைப் பற்றி அக்கட்டுரை சொன்னது பாதிதான். நான்கு பேர் அமரும் செஸ்னா 172 போன்ற விமானம் மணிக்கு முப்பது லிட்டருக்கு மேல் விமானப் பெட்ரோல் குடிக்கும் என்பது கண்ணுக்குத் தெரியும் செலவு. பறந்தாலும் பறக்காவிட்டாலும் ஏறிக்கொண்டே போகும் செலவுதான் உரிமையாளர்களைத் திணறடிக்கிறது. நிறுத்துமிட வாடகை, ஆண்டுப் பரிசோதனை, காப்புறுதிச் சந்தா, டாலரில் வாங்க வேண்டிய உதிரிப்பாகங்கள் ஆகியவை அதில் அடங்கும். இந்த ரக விமானங்களில் பெரும்பாலும் பொருத்தப்படும் லைகமிங் எஞ்சினை 2,000 மணி நேரம் ஓடிய பிறகோ, 12 ஆண்டுகள் ஆன பிறகோ, எது முன்னதோ அப்போது, முழுமையாகக் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார். ஆண்டுக்கு ஐம்பது மணி நேரம் பறப்பவருக்கு 12 ஆண்டுகளில் 600 மணி நேரமே ஆகியிருக்கும். ஆயினும் பெரும் செலவு வந்து நிற்கும். அதைவிட மோசம், மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கும் எஞ்சினின் உட்பாகங்கள் நம் கடலோர ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். பணம் நெருக்கும்போது உரிமையாளர் முதலில் குறைப்பது பறக்கும் நேரத்தை. அதனால் விமானியின் கைப்பழக்கமும் எஞ்சினின் நலமும் ஒருசேரக் குறைகின்றன. செலவும் ஆபத்தும் வெவ்வேறு விஷயங்கள் அல்ல என்பதை இந்த இடத்தில்தான் நான் உணர்ந்தேன்.

ஆபத்தின் அளவையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். தனியார் சிறு விமானங்கள் மிக அதிகமாகப் பறக்கும் அமெரிக்காவில், ஒவ்வொரு லட்சம் பறக்கும் மணி நேரத்துக்கும் ஏறக்குறைய ஓர் உயிர்ப்பலி விபத்து என்ற நிலை ஆண்டுக்கணக்காக நீடிக்கிறது. அட்டவணைப்படி இயங்கும் பெரிய விமான நிறுவனங்களின் கணக்கோடு அதை ஒப்பிடவே முடியாது. பெரிய விமானத்தில் இரண்டு விமானிகள், இரண்டு எஞ்சின்கள், பறப்பதா வேண்டாமா என்று கீழிருந்து முடிவு செய்ய ஒரு முழுத் துறை என்று எல்லாமே இருக்கின்றன. சிறு விமானத்தில் பெரும்பாலும் எல்லாம் ஒரே ஆள்தான். பினாங்கு விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஒருமுறை சிறு விமானமொன்றின் விமானி, புறப்படுவதற்கு முன் இறக்கைக்கு அடியில் குனிந்து, கண்ணாடிக் குழாய் போன்ற ஒன்றில் எரிபொருளைச் சிறிது வடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்ததை அருகில் நின்று கண்டேன். நீல நிற எரிபொருளுக்கு அடியில் நிறமற்ற நீர் ஒரு முத்தளவுக்குத் தங்கியிருந்தது. அவர் அதைக் கொட்டிவிட்டு மறுபடியும் வடித்தார். நீர் வருவது நிற்கும்வரை வடித்துக்கொண்டே இருந்தார். நம் தட்பவெப்பத்தில் பாதி காலியாக நிற்கும் தொட்டியில் இரவில் நீர் படிவது இயல்பு. அந்தச் சோதனையை அவர் அன்று அவசரத்தில் விட்டிருந்தால் தடுப்பதற்கு வேறு எவரும் அங்கே இல்லை.

வானிலையும் அப்படித்தான். பிற்பகலில் திரளும் இடிமழையும், விடியலுக்கு முன் மலாக்கா நீரிணையைத் தாண்டி வரும் சுமத்ரா சூறைக்காற்றும், புகைமூட்டக் காலத்தில் கடலும் வானும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும் நிலையும் பினாங்கில் வாழும் எவருக்கும் தெரிந்தவை. கருவிகளை மட்டுமே பார்த்துப் பறக்கும் தகுதி பெறாத விமானிக்கு அடிவானம் மறைந்தால் மேல் எது, கீழ் எது என்பதே குழம்பிவிடும். 1999 ஜூலையில் முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் தாமே ஓட்டிச் சென்ற விமானம் மங்கலான இரவில் கடலில் விழுந்து, அவரும் மனைவியும் மனைவியின் சகோதரியும் மாண்டதற்கு அந்த நாட்டு விசாரணை வாரியம் கண்ட காரணமும் இதுதான். பணமோ நல்ல விமானமோ அங்கே குறைவில்லை.

இனிப் பொறுப்புக்கு வருகிறேன். பினாங்கிலிருந்து மேடானுக்கு ஒரு விமான நிறுவனத்தின் பயணச்சீட்டோடு போகும் பயணிக்கு அனைத்துலக ஒப்பந்தம் துணை நிற்கிறது. 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி, பயணி மாண்டால் குறிப்பிட்ட தொகை வரையில் நிறுவனம் தன் கவனக்குறைவு எதுவும் இல்லை என்று வாதிடவே முடியாது. அந்த வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,51,880 சிறப்பு எடுப்பு உரிமை அலகுகளாக உயர்ந்துள்ளது. அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகான அது ஒன்றின் மதிப்பு ஐந்து வெள்ளிக்கும் (ரிங்கிட்டுக்கும்) மேல். ஆனால், நண்பரின் சொந்த விமானத்தில் விருந்தினராக லங்காவிக்குப் போகிறவருக்கு அந்த ஒப்பந்தம் இல்லை. அவர் குடும்பத்தார் சாதாரண நீதிமன்றத்தில், சாதாரண வழக்காக, விமானியோ உரிமையாளரோ பராமரித்தவரோ கவனக்குறைவாக நடந்துகொண்டார் என்று நிரூபிக்க வேண்டும். விமானியும் அதே விபத்தில் மாண்டிருப்பார். வழக்கு அவருடைய விதவையும் பிள்ளைகளும் பெறவேண்டிய சொத்தின்மீது தொடுக்கப்படும். ஒரு நண்பரின் பிள்ளைகளும் இன்னொரு நண்பரின் பிள்ளைகளும் எதிரெதிரே நிற்கும் அந்த நிலையை, சாலை விபத்து வழக்குகளிலேயே நான் போதுமான அளவு பார்த்துவிட்டேன்.

நிரூபித்தால் கிடைப்பது எவ்வளவு? நம் 1956ஆம் ஆண்டு குடிமைச் சட்டத்தின்படி, மனத்துயருக்கான இழப்பீடு 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. குடும்பத்தின் வருவாய் இழப்பைக் கணக்கிட, மாண்டவரின் வயது 30 அல்லது அதற்குக் கீழ் என்றால் 16 ஆண்டுகள் என்றும், 31 முதல் 59 வரை என்றால் 60இலிருந்து வயதைக் கழித்து வருவதில் பாதி என்றும் சட்டமே வகுத்திருக்கிறது. நாற்பத்தைந்து வயதில் மாண்ட ஒருவர், தம் சொந்தச் செலவு போக மாதம் 4,000 வெள்ளி குடும்பத்துக்குக் கொடுத்து வந்தார் என்று வைத்துக்கொண்டால், ஏழரை ஆண்டுகளுக்கு 3,60,000 வெள்ளி வருகிறது. ஒரு விமானத்தில் நான்கைந்து பயணிகள், சாலையில் இருவர், எரிந்த வீடு ஒன்று என்றால் மொத்தத் தொகை எங்கே போய் நிற்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தொகையைக் கட்டவேண்டியவர், விமானம் ஒன்றை மட்டுமே சொத்தாக வைத்து நிறுவப்பட்ட தனியார் நிறுவனமாக இருந்தால், விபத்தன்றே அந்தச் சொத்து சாம்பலாகியிருக்கும். கூட்டாக வாங்கிய நால்வர் நிறுவனம் எதுவும் அமைக்காமல் தங்கள் பெயரிலேயே வைத்திருந்தால் வேறு விதமான அபாயம்: விமானத்தில் ஏறாமல் வீட்டில் இருந்த பங்காளியும், விமானம் தம் காரியமாகவோ தம் சார்பாகவோ ஓட்டப்பட்டது என்று நிறுவப்பட்டால், முழுத் தொகைக்கும் பொறுப்பாக நேரிடலாம்.

தயாரிப்பாளர்மீது வழக்குத் தொடுக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சிறு விமானங்களில் பல, முப்பது நாற்பது ஆண்டுகள் பழையவை. அமெரிக்காவில் வழக்குகளின் சுமையால் செஸ்னா நிறுவனம் 1986இல் சிறிய பிஸ்டன் எஞ்சின் விமானத் தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அதன் பின் 1994இல் இயற்றப்பட்ட சட்டம், இருபதுக்கும் குறைவான இருக்கைகள் கொண்ட, பயணிகள் சேவை அட்டவணையில் இல்லாத விமானம் விற்கப்பட்டு 18 ஆண்டுகள் கடந்துவிட்டால், சில விதிவிலக்குகள் தவிர, தயாரிப்பாளர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்று கதவை அடைத்துவிட்டது.

எஞ்சியிருப்பது காப்புறுதி ஒன்றுதான். அதை எப்படிப் படிக்க வேண்டும் என்பதை என் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. சிறு விமானக் காப்புறுதிப் பத்திரத்தின் முகப்பில் ஒரு பெரிய தொகை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு எவரும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. அதற்குக் கீழே, ஒரு பயணிக்கு இவ்வளவுக்கு மேல் இல்லை என்ற துணை வரம்பு தனியாக இருக்கும். அமெரிக்காவில் பரவலாக விற்கப்படும் பத்திரங்களில் மொத்தம் பத்து லட்சம் டாலர், ஆனால் பயணி ஒருவருக்கு ஒரு லட்சம் டாலர் மட்டுமே என்றிருப்பது வழக்கம். அடுத்து, யார் ஓட்டலாம் என்ற பகுதி வரும்: பெயர் குறிப்பிட்ட விமானிகள், அல்லது இந்த ரகத்தில் இத்தனை மணி நேரம் ஓட்டியவர்கள். அதற்கும் அடுத்து, எதற்காக ஓட்டலாம் என்ற பகுதி: சொந்த இன்பப் பயணத்துக்கும் சொந்தத் தொழில் காரியத்துக்கும் மட்டும், கூலிக்கோ வாடகைக்கோ அல்ல. விமானியின் மருத்துவச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தாலும், ஏற்றிய எடை வரம்பை மீறியிருந்தாலும், பயணிகளிடம் ‘எண்ணெய்ச் செலவுக்கு’ என்று பணம் வாங்கியிருந்தாலும், காப்புறுதி நிறுவனம் கைவிரிப்பதற்கு இடம் ஏற்படும். அந்த மீறல் எதையும் பயணி அறிந்திருக்க மாட்டார். இழப்பு மட்டும் அவருடையது.

பயணி தம் சொந்த விபத்துக் காப்புறுதியை நம்பிப் போனால் அங்கேயும் ஏமாற்றம் காத்திருக்கலாம். உரிமம் பெற்று அட்டவணைப்படி இயங்கும் விமானத்தில் கட்டணப் பயணியாகச் செல்வதைத் தவிர வேறு எவ்வகை விமானப் பயணத்திலும் நேரும் மரணத்துக்குப் பொறுப்பில்லை என்ற விலக்கு, தனிநபர் விபத்துக் காப்புறுதிப் பத்திரங்கள் பலவற்றில் உண்டு. விலக்குகள் என்ற தலைப்பின் கீழ், போருக்கும் தற்கொலைக்கும் அடுத்தடுத்து, பொடி எழுத்தில் அது இருக்கும். வாசகர்கள் இன்றே தங்கள் பத்திரத்தை எடுத்துப் பார்க்குமாறு வேண்டுகிறேன்.

உண்மையான வாடகைப் பயணத்தை நண்பர்களின் பயணம் போலக் காட்டுவது எவ்வளவு பெரிய கேட்டில் முடியும் என்பதற்கு, அர்ஜென்டினாவின் காற்பந்து வீரர் எமிலியானோ சாலாவின் மரணம் சான்று. 2019 ஜனவரி 21ஆம் நாள் பிரான்சின் நான்ட் நகரிலிருந்து வேல்சின் கார்டிஃபுக்கு அவரை ஏற்றிச் சென்ற ஒற்றை எஞ்சின் பைப்பர் விமானம் ஆங்கிலக் கால்வாயில் விழுந்தது. அதை ஓட்டியவர் தனியார் விமானி உரிமம் மட்டுமே உடையவர்; பணத்துக்குப் பயணிகளை ஏற்றிச் செல்ல அவருக்கு அனுமதி இல்லை; இரவில் பறக்கும் தகுதியும் அவரிடம் இல்லை. புகைபோக்கியிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு வாயு விமானியையும் பாதித்திருக்கக் கூடும் என்று விசாரணை அறிக்கை கூறியது. சாலாவின் இரத்தத்தில் அந்த நச்சு 58 விழுக்காடு இருந்தது. பயணத்தை ஏற்பாடு செய்தவருக்கு 2021 நவம்பரில் 18 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. சாலாவை விற்ற காற்பந்துச் சங்கத்துக்கும் வாங்கிய சங்கத்துக்கும் இடையிலான பணத் தகராறு விளையாட்டு நடுவர் தீர்ப்பாயம் வரை சென்று ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அந்த விமானம் பறந்தது ஐரோப்பாவில். அதன் பதிவு அமெரிக்காவில். எல்மினாவில் விழுந்த விமானமும் அமெரிக்கப் பதிவு பெற்றதே. வெளிநாட்டுப் பதிவு சட்டவிரோதம் அன்று. ஆனால், ஒரு நாட்டில் நிறுத்தி வைத்து, இன்னொரு நாட்டுப் பதிவில் பறக்கும் விமானத்தின் உண்மையான உரிமையாளர் யார், இயக்குபவர் யார், காப்புறுதி எங்கே என்பதைக் கண்டுபிடிப்பது, வீட்டில் இழவு விழுந்து நிற்கும் ஒரு குடும்பத்தால் ஆகக்கூடிய காரியம் அன்று.

ஐரோப்பிய ஒன்றியம் இதற்கு 2004லேயே வழி வகுத்தது. அங்கே பறக்கும் விமானம், எடைக்கு ஏற்பக் குறைந்தபட்ச மூன்றாம் தரப்புக் காப்புறுதி, அதாவது விமானத்துக்கு வெளியே இருப்பவர்களின் இழப்பை ஈடுசெய்யும் காப்புறுதி, வைத்திருக்க வேண்டும்: 2,700 கிலோவுக்குக் குறைவான செஸ்னா 172 போன்றவற்றுக்கு 30 லட்சம் சிறப்பு எடுப்பு உரிமை அலகுகள், 6,000 கிலோவுக்குக் குறைவான, எல்மினாவில் விழுந்தது போன்ற விமானத்துக்கு 70 லட்சம். வாடகைப் பயணம் அல்லாத சிறு விமானத்தில்கூட, பயணி ஒருவருக்கு ஒரு லட்சம் அலகுகளுக்குக் குறையக் கூடாது. பிரிட்டனின் 1982ஆம் ஆண்டு சிவில் விமானச் சட்டத்தின் 76ஆம் பிரிவு, விமானத்தால் தரையில் பாதிக்கப்பட்டவர் எவருடைய கவனக்குறைவையும் நிரூபிக்கத் தேவையில்லை என்கிறது. நம் நாட்டில் மோட்டார் வாகனத்துக்கு இதைவிட எளிய ஏற்பாடு ஏற்கெனவே உள்ளது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 96ஆம் பிரிவு, நீதிமன்றத் தீர்ப்புத் தொகையை மூன்றாம் தரப்பினருக்குக் காப்புறுதி நிறுவனமே நேராகக் கட்ட வேண்டும் என்று விதிக்கிறது; காப்புறுதியே இல்லாத வாகனம் மோதினால் மோட்டார் காப்புறுதியாளர் வாரியம் இருக்கிறது. ஒரு காப்சாய் மோட்டார் சைக்கிளுக்கு இவ்வளவு யோசித்த நாடு, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கும் அருகில் தாழப் பறக்கும் விமானத்துக்கும் அதே அளவாவது யோசிக்க வேண்டும்.

எனவே போக்குவரத்து அமைச்சையும் மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தையும் தங்கள் நாளிதழின் வழியாகக் கேட்டுக்கொள்வது இதுதான். 2025 ஆகஸ்டு முதல் மலேசிய விமானப் போக்குவரத்து ஆணைக்குழுவின் பணிகளும் அந்த ஆணையத்தோடு இணைந்துவிட்டதால், பாதுகாப்பும் உரிமமும் இப்போது ஒரே இடத்தில் இருக்கின்றன. இந்நாட்டில் நிறுத்தி வைக்கப்படும் ஒவ்வொரு தனியார் விமானத்துக்கும், அதன் பதிவு எந்த நாட்டினுடையதாயினும், மூன்றாம் தரப்புத் தொகை, பயணிக்கான துணை வரம்பு, அனுமதிக்கப்பட்ட பயன்பாடு ஆகிய மூன்றும் அடங்கிய காப்புறுதி விவரத்தைப் பொதுமக்கள் இணையத்தில் பதிவெண்ணைக் கொண்டு பார்க்க வழி செய்யப்பட வேண்டும். அதே விவரத்தின் ஒரு பக்க நகலை, ஏறுவதற்கு முன் ஒவ்வொரு விருந்தினருக்கும் மலாயிலும் அவருக்குப் புரியும் மொழியிலும் தருவது கட்டாயமாக வேண்டும். விமானி பத்திர நிபந்தனையை மீறினார் என்ற காரணம், கீழே இருந்து பாதிக்கப்பட்டவருக்குப் பணம் மறுக்கப் பயன்படக் கூடாது. சுபாங்கைத் தொழிலதிபர்கள் பயன்படுத்தும் தனியார் விமானங்களுக்கான மையமாக விரிவாக்கும் திட்டம் நடந்துகொண்டிருக்கும் இந்த நேரத்திலேயே இதைச் செய்துவிடுவது எளிது. விமானங்கள் பெருகிய பின்னர் செய்வது கடினம்.

அழைப்பை ஏற்றுப் பறக்கப் போகும் நம்மவர்களுக்கும் ஒரு சொல். விமானம் வைத்திருப்பவர் உறவினராகவோ முதலாளியாகவோ இருக்கலாம். ‘பத்திரத்தைக் காட்டுங்கள்’ என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று தோன்றலாம். நல்ல விமானி அந்தக் கேள்வியால் புண்படமாட்டார். அவர் தமது உரிமத்தையும் மருத்துவச் சான்றிதழையும் காப்புறுதிப் பத்திரத்தையும் ஒரே உறையில் வைத்திருப்பார், காட்டவும் தயங்கமாட்டார். பணம் வாங்கிக்கொண்டு, ‘யாராவது கேட்டால் நண்பர் என்று சொல்லுங்கள்’ என்று சொல்பவரின் விமானத்தில் தயவுசெய்து ஏறாதீர்கள்.

ஏற்கெனவே இழப்புக்கு ஆளான குடும்பங்கள் எவையேனும் இதைப் படிக்குமானால், அவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். விமான விபத்து விசாரணையின் நோக்கம் எதிர்கால விபத்தைத் தடுப்பது மட்டுமே. யாரையும் குற்றவாளியாக்குவதோ இழப்பீட்டை முடிவு செய்வதோ அன்று என்று அனைத்துலக விதியே கூறுகிறது. இறுதி அறிக்கை வெளிவர ஓராண்டுக்கும் மேலாகலாம். ஆனால், சார்ந்திருப்போருக்கான வழக்கை இறப்பு நிகழ்ந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும் என்று குடிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. அறிக்கை வரட்டும் என்று காத்திராமல், முதல் சில மாதங்களிலேயே ஒரு வழக்கறிஞரைப் பார்த்து, விமானத்தின் பதிவெண்ணைக் கொண்டு உரிமையாளர், இயக்குபவர், காப்புறுதி நிறுவனம் ஆகியோருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பிவிடுங்கள். தங்கள் நாளிதழும் ஆணையத்தின் அதிகாரி ஒருவரைப் பேட்டி கண்டு, தனியார் விமானங்களுக்கான காப்புறுதி விதிகளைத் தமிழில் முழுமையாக வெளியிடுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காப்புறுதித் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற வாசகர்,
பாயான் பாரு, பினாங்கு.